குழந்தைக்கு மனநல மருந்து எழுதித் தரப்பட்டால்: சீட்டு வாங்கும் நாள் முதல் பெற்றோர் செய்ய வேண்டியவை

என் மகனுக்கு எட்டு வயதில் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகையியக்கமும் இருப்பதாக முடிவு செய்து மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. இடைப்பட்ட ஆண்டுகளில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெற்றோர் பலருக்குத் துணையாக மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறேன். பயந்து வந்தவர்கள் எல்லோரிடமும் நல்ல கேள்விகள் இருந்தன. ஆனால் அவற்றை மருத்துவரிடம் கேட்காமல், மாத்திரை தொடங்கிய பத்தாம் நாளில் உறவினரிடம் கேட்டார்கள். அந்த வரிசையைச் சரிசெய்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்லேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். குழந்தை சாக வேண்டும் என்று பேசினாலோ, உணவையும் நீரையும் மறுத்தாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலோ கீழேயுள்ள ஆயத்தங்களுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

1. சீட்டை வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள்

சீட்டில் இருப்பது பெரும்பாலும் நிறுவனம் வைத்த வணிகப் பெயராகவே இருக்கும். அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்ற மூன்றையும் கேட்டு உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வணிகப் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் கடையில் மாறிவிட வாய்ப்புண்டு. மருந்தின் பெயர் தெரிந்திருந்தால் அட்டையின் பின்புறத்தைப் பார்த்து நீங்களே சரிபார்த்துவிடலாம்.

அடுத்து, “இந்த மாத்திரை எந்தத் தொந்தரவைக் குறைப்பதற்காக?” என்று கேளுங்கள். “பிள்ளை நன்றாக ஆகிவிடுவான்” என்பது போதுமான பதில் ஆகாது. “வகுப்பில் இருபது நிமிடம் உட்கார்ந்து எழுதுவான்”, “கையைக் கடித்துக்கொள்வது குறையும்” என்ற அளவுக்குப் பதில் குறிப்பாக இருந்தால்தான், இரண்டு மாதம் கழித்து மருந்து வேலை செய்ததா என்பதை உங்களால் சொல்ல முடியும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ரிஸ்பெரிடோன் கொடுப்பது கடும் எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிப்பதற்காக. அது பேச்சை வரவழைக்கும் மருந்தன்று. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத ஒரு தகப்பனார் ஓராண்டு பேச்சுக்காகக் காத்திருந்து மனம் நொந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

2. முதல் மாத்திரைக்கு முன் ஒரு வார நோட்டு

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். அவசரம் இல்லை என்று மருத்துவர் சொன்னால், மருந்து தொடங்கும் முன் ஒரு வாரம் குழந்தை எப்படி இருக்கிறான் என்பதைக் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், இரவில் விழித்தானா, மூன்று வேளையும் எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை முறை அழுதான் அல்லது அடித்தான், பள்ளியில் என்ன சொன்னார்கள் என ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும்.

முந்தைய நிலை எழுத்தில் இல்லாவிட்டால், பின்னால் தெரியும் ஒவ்வொன்றும் மாத்திரையின் மேல் விழும். மருந்தால் தூக்கம் போய்விட்டது என்று நானே உறுதியாக நம்பினேன். நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது, தொடங்கும் முன்பும் அவன் பதினொரு மணிக்கு மேல்தான் தூங்கியிருக்கிறான் என்று தெரிந்தது.

அதே வாரத்தில் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துத் தேதியுடன் எழுதுங்கள். ரிஸ்பெரிடோன் போன்றவற்றுக்கு இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு அளவுகள் தேவைப்படும். வலிப்புக்கும் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் தரும் வால்ப்ரோயேட்டுக்குக் கல்லீரல் சோதனையும் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் தேவைப்படும். எந்தச் சோதனை வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தொடங்கிய பிறகு எடுத்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

குடும்ப வரலாறும் இப்போதே வேண்டும். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்தாக இருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா, குழந்தை ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா, நெஞ்சு வலி என்றதுண்டா என்பவற்றை மருத்துவர் அறிந்தாக வேண்டும். சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் அப்பா வழியும் அம்மா வழியும் ஒன்றாகவே இருக்கும். எனவே வயதில் மூத்த ஆச்சி ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். “அவர் முப்பது வயதிலேயே வாசல் திண்ணையில் சாய்ந்துவிட்டார்” என்பது போன்ற செய்தி அவரிடம்தான் இருக்கும். வலிப்பு, மனநோய், தற்கொலை ஆகியவை பற்றியும் மறைக்காமல் கேட்டு எழுதுங்கள். வீட்டில் ஏற்கெனவே கொடுத்துவரும் சூரணம், லேகியம், சளி மருந்து எல்லாவற்றையும் பெயருடன் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

3. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்

காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பயணம். காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடங்கள். எழுதாத கேள்வி அங்கே நினைவுக்கு வராது. முக்கியமானவை இவை: எத்தனை நாளில் பலன் தெரியும்? முதல் மாதத்தில் எந்தத் தொந்தரவு சாதாரணம், எதற்கு உடனே அழைக்க வேண்டும்? ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது? எவ்வளவு காலம் கொடுப்போம், நிறுத்தும்போது எப்படி நிறுத்துவோம்? மருந்துடன் வேறு என்ன பயிற்சி வேண்டும்? மருந்தே இல்லாமல் சில மாதம் பார்க்க வழியுண்டா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் கூசுகிறார்கள். “டாக்டர், உங்களை நம்பித்தான் வந்திருக்கிறோம்; வீட்டில் பெரியவர்களுக்குப் பதில் சொல்லத் தெளிவாகக் கேட்டுக்கொள்கிறேன்” என்று தொடங்கினால், பெரும்பாலான மருத்துவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நோயின் தன்மை, சிகிச்சைத் திட்டம், தெரிந்த பக்கவிளைவுகள் ஆகியவற்றைப் புரியும் மொழியில் அறியும் உரிமையைத் தருகிறது. குழந்தைக்காக அதைக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோரே.

குழந்தையின் குறைகளை அவன் முன்னால் அடுக்காதீர்கள். அந்தப் பகுதியைத் தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுத்துவிட்டால், பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பதில் நிறைவு தரவில்லை என்றால் வேறு ஒரு மனநல மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறேதும் இல்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெற 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது.

4. வீட்டில் ஒருவர் கையில் மட்டும் மருந்து

கூட்டுக் குடும்பத்தில் அன்பே குழப்பத்துக்குக் காரணமாவதுண்டு. அம்மா காலையில் கொடுத்திருப்பார். பிள்ளை சேட்டை செய்கிறான் என்று அப்பத்தா இன்னொன்று கொடுத்துவிடுவார். “இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு எதற்கு” என்று பெரியப்பா ஒரு நாள் நிறுத்தச் சொல்வார். கொடுப்பவர் ஒருவர், அவர் ஊருக்குப் போனால் மாற்றாக இன்னொருவர் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கொடுத்தவுடன் நாட்காட்டியில் ஒரு குறி போடுங்கள்; குறி இருந்தால் இரண்டாவது மாத்திரை கிடையாது.

மருந்தைப் பூட்டி வையுங்கள். பழைய வீடுகளில் மரப்பெட்டிக்கும் அலமாரிக்கும் பூட்டுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாது. மனம் சோர்ந்திருக்கும் வளரிளம் பிள்ளையின் கைக்கு ஓர் அட்டை முழுவதும் எட்டவே கூடாது.

பெரியவர்களிடம் மறைக்க வேண்டாம். ஆனால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். எந்தத் தொந்தரவுக்கு மருந்து, எதைக் கொடுக்கக் கூடாது, எந்த அறிகுறி கண்டால் உங்களை அழைக்க வேண்டும் என்பவை அவர்களுக்குத் தெரிந்தால் போதும். பெண் பிள்ளையாக இருந்தால் பின்னால் சம்பந்தம் பேசும்போது தடையாகுமோ என்ற அச்சம் எழுகிறது. அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை; ஆனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மருத்துவரைப் பார்க்காமலிருப்பதால் அந்தப் பெண் படும் வேதனை குறைவதில்லை. பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவருடைய குறிப்பு உங்களுக்குத் தேவைப்படும்.

5. மாத்திரையைக் கொடுக்கும் விதம்

என் மகனுக்கு மெதுவாகக் கரையும் வகை மாத்திரை எழுதியிருந்தார்கள். அவன் விழுங்க மறுத்ததால், ஒரு நாள் அப்பத்தா அதை அம்மியில் நுணுக்கித் தேனில் குழைத்து ஊட்டிவிட்டார். எட்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கியது. பிள்ளையின் நெஞ்சு படபடத்தது. வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றிச் சுற்றி நடந்தான். உதடு காய்ந்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மருத்துவர் சொன்னபடி அன்று முழுவதும் அருகிலிருந்து பார்த்துக்கொண்டோம். அப்பத்தாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நுணுக்கக் கூடாது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஆகவே நுணுக்கலாமா, பிரிக்கலாமா, மெல்லலாமா என்பதைக் கடையிலும் கேட்டு, அட்டையின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் இன்னொரு மருந்தான அடோமாக்ஸெட்டின் கேப்ஸ்யூலைத் திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் பொடி கண்ணில் பட்டால் எரியும். விழுங்கத் தெரியாத பிள்ளையென்றால் மருத்துவரிடம் சொல்லி, திரவமாகவோ வேறு வகையாகவோ மாற்றிக் கேளுங்கள்.

விட்டுப்போன வேளைக்கு ஈடாக இரண்டு மாத்திரை கொடுக்காதீர்கள். ஊக்க மருந்தை மாலையில் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடும். காலையில் மறந்தால் அன்றைக்கு விட்டுவிடுவதா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர்க்குப் படையல்), திருவிழா என்று உறவுக்கூட்டம் கூடும் நாள்களில்தான் வேளை தவறுகிறது. கைபேசியில் மணி வைத்துவிடுங்கள்.

6. முதல் மூன்று மாதத்தில் எதைக் கவனிப்பது

எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. இது தெரியாததால் பத்து நாளில் “பலனில்லை” என்று நிறுத்திவிடுகிறார்கள்.

மெத்தில்ஃபெனிடேட் கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கிச் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சரியான அளவைக் கண்டுபிடிக்கத்தான் சில வாரங்கள் ஆகும். பசி குறைவதே இதில் பெரிய தொல்லை. மதியச் சோற்றுப் பாத்திரம் அப்படியே திரும்பி வரும். அதற்கு வழி, மாத்திரைக்கு முன் வயிறு நிறையக் காலை உணவு கொடுப்பதும், மருந்தின் வேகம் குறையும் மாலையில் சத்துள்ளதாக ஏதாவது கொடுப்பதும்தான். கும்மாயமும் நெய் விட்ட பருப்புச் சோறும் எங்களுக்குக் கைகொடுத்தன. 3 மாதத்துக்கு ஒருமுறை எடை, 6 மாதத்துக்கு ஒருமுறை உயரம் பார்த்து எழுதுங்கள். மருந்து தீரும் நேரத்தில் சில பிள்ளைகள் எரிந்து விழுவார்கள். எந்த நேரத்தில் என்று குறித்தால் மருத்துவர் வேளையை மாற்றுவார். கலகலப்பான பிள்ளை பொம்மை போல் உட்கார்ந்திருந்தால் அதை “அடங்கிவிட்டான்” என்று மகிழாதீர்கள். அளவு கூடியிருக்கலாம், சொல்லுங்கள்.

அடோமாக்ஸெட்டினின் முழுப் பலன் தெரிய ஆறு வாரம் வரை ஆகலாம். முதலில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் வரும். உணவுக்குப் பின் கொடுத்தால் குமட்டல் குறையும்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேலை செய்யும். பெற்றோர் படித்துப் பயப்படும் எச்சரிக்கை இதைப் பற்றியதுதான்: இவ்வகை மருந்துகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் எச்சரிக்கை விடுத்தது. அது ஆராய்ந்த 24 ஆய்வுகளில், மருந்து எடுத்த பிள்ளைகளில் 100-க்கு ஏறத்தாழ 4 பேரிடமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 2 பேரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை. இதைப் படித்துவிட்டு மருந்தை ஒதுக்கிவிட வேண்டாம், ஏனென்றால் மருத்துவம் பார்க்காத மனச்சோர்வும் உயிருக்கு ஆபத்தானதே. முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையைத் தனியே விடாமல், நாள்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். திடீர்ப் படபடப்பு, தூக்கமின்மை, இதுவரை இல்லாத ஆவேசம் தெரிந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். “சாக வேண்டும் போல் இருக்கிறதா?” என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ரிஸ்பெரிடோனில் பசி எதிர்ப்பக்கம் போகும். பிள்ளை சீப்புச் சீடைத் தூக்கைத் தேடித் தேடித் திறப்பான். இரண்டு மாதத்தில் சட்டை இறுகிவிடும். முதல் நாளிலிருந்தே பலகாரத் தூக்கைக் கைக்கெட்டாமல் வைத்து, ஆட்டமும் நடையும் அதிகமாக்குங்கள். ஏறிய எடையை இறக்குவது மிகக் கடினம் என்பதால் முதல் மாதங்களில் அடிக்கடி எடை பாருங்கள். ஆண் பிள்ளைக்கு மார்பு பெருத்தாலோ, பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றாலோ வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மருந்து ஒரு ஹார்மோனின் அளவைக் கூட்டுவதால் வருவது அது.

7. உடனே ஓட வேண்டிய நேரம்

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ரிஸ்பெரிடோன் வகை மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் மாலை, கழுத்து இடப்பக்கம் முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே ஏறி முற்றத்துத் தாழ்வாரத்து ஓட்டிலேயே நிலைகுத்தி நின்றன. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. கூடியவர்கள் விபூதி கொண்டுவரச் சொன்னார்கள். காத்து கருப்பு என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு ஊசி போட்டதும் அரை மணிக்குள் கழுத்து நேரானது. தசை இழுத்துக்கொள்ளும் இந்த விளைவு மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தது, மருந்தால் சரியாகக்கூடியது. விபூதி பூசுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. பூசிக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.

கடும் காய்ச்சலுடன் உடல் விறைத்துக் குழப்பம் வருதல், மூச்சுத் திணறல், முகமும் உதடும் வீங்குதல், மயக்கம், நெஞ்சு வலி, வலிப்பு ஆகியவற்றுக்கும் 108-ஐ அழையுங்கள். வலிப்புக்கும் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் தரும் லாமோட்ரிஜினை எடுக்கும் பிள்ளைக்கு உடலில் தடிப்பு கண்டால் வேர்க்குரு என்று விட்டுவிடாமல் அன்றே காட்டுங்கள். மருந்து அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு அதுவே முதல் தகவல்.

8. மருந்து தீருவதற்குப் பத்து நாள் முன்பே

மெத்தில்ஃபெனிடேட் ‘அட்டவணை எக்ஸ்’ எனப்படும், விற்பனையில் கடும் கட்டுப்பாடு உள்ள வகை மருந்து. தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். சீட்டு இரண்டு படிகளாக இருக்க வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். சிற்றூரில் கிடைக்காமல் போகலாம் என்பதால் கடைசி அட்டையைத் தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். கிடைக்கவில்லை என்று கடையில் “இதே மாதிரி” ஒன்றைத் தந்தால், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

9. நிறுத்தும் எண்ணம் வந்தால்

இரண்டு சூழலில் இந்த எண்ணம் வருகிறது: பக்கவிளைவைக் கண்டு அஞ்சும்போதும், பிள்ளை நன்றாகிவிட்டான் என்று தோன்றும்போதும். முதலாவதற்கு மருத்துவரை அழைப்பதே வழி. பெரும்பாலும் அளவையோ வேளையையோ மாற்றினாலே சரியாகும். இரண்டாவது ஆபத்தானது, ஏனென்றால் நன்றாக இருப்பது மருந்தினாலேயே இருக்கலாம். ஏ.டி.எச்.டி.க்குச் சிலருக்குத் தரும் குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் நீண்ட நாள் கொடுத்த சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஃப்ளூவாக்ஸெட்டினை விட்டால் மனச்சோர்வு திரும்பலாம். குறைப்பதற்கென்று ஒரு படிமுறை உண்டு. அது மருத்துவர் கையில் இருக்கிறது.

நிறுத்திப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை, ஆண்டுக்கு ஒருமுறையாவது கேளுங்கள். ஏ.டி.எச்.டி. மருந்துக்குப் பெற்றோர் பெரும்பாலும் மே விடுமுறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வகுப்பும் வீட்டுப்பாடமும் இல்லாத மாதத்தில் மருந்து தேவையா என்பது தெரிவதில்லை. நாங்கள் மருத்துவர் ஒப்புதலுடன் சென்ற ஆகஸ்டில் இரண்டு வாரம் நிறுத்தினோம். காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு பக்கத்தில் நான் எழுதினேன், எதிர்ப்பக்கத்தில் மகனையே எழுதச் சொன்னேன். நான் “சாப்பாடு நன்றாக இறங்குகிறது, கலகலப்பாக இருக்கிறான்” என்று எழுதியிருந்தேன். அவன் “கணக்கு வகுப்பில் மூன்றாவது வரிக்குமேல் கேட்கவில்லை” என்று எழுதியிருந்தான். மருத்துவர் இரண்டையும் படித்துவிட்டு அவனிடமே கேட்டார். பள்ளி நாள்களில் மட்டும், முன்பைவிடக் குறைந்த அளவில் எடுத்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னான். அவர் அப்படியே எழுதித் தந்தார்.